பார் ஊன்றும் இடம்

கிள்ளானில் என் பட்டறைக்கு ஸ்ட்ரட் பார் போட வருகிற இளைஞர்களில் பலர் முதலில் கேட்பது நிறத்தை. சிவப்பு இருக்கிறதா, கறுப்பு இருக்கிறதா, எந்த பிராண்ட், எத்தனை வெள்ளி. சிலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, “அண்ணே, அச்சு அசலா இதே மாதிரி வேணும்” என்பார்கள். குழாயின் இரண்டு முனையிலும் இருக்கிற தகட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். பார் வேலை செய்யுமா செய்யாதா என்பதை அந்தத் தகடும், அது உட்காருகிற டவரின் இரும்பும்தான் முடிவு செய்கின்றன. நடுவில் பளபளக்கிற குழாய் அதற்குப் பிறகுதான்.

போனட்டைத் திறந்தால் இஞ்சினுக்கு இருபுறமும் வட்டமாக மேடு தட்டி நிற்பவைதான் டவர்கள். அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலை, கீழிருந்து வந்து அங்கே பூட்டிக்கொள்கிறது. மேலே பெரும்பாலும் மூன்று நட், நடுவில் ஒரு ரப்பர் மவுண்டிங். ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க இஞ்சினியர் வடிவமைத்த ஏற்பாடு இது. 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கம்பெனி கான்சல், செஃபிர் கார்களில் இதை அறிமுகப்படுத்தியது. விலை குறைவு, இடம் குறைவு, உதிரிகள் குறைவு. அதனால் உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இன்று இதுதான். நம் ஊர் சாகா, வீரா, வாஜா, மைவி எல்லாமே இந்த வகை.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. சக்கரத்தைப் பிடிக்க மேலே தனியாக ஓர் ஆர்ம் கிடையாது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற வேலையில் பாதி லோவர் ஆர்முக்கு, மீதிப் பாதி டவரின் தகட்டுக்கு. திருப்பத்தில் டயர் தரையைப் பிடித்து இழுக்கும்போது அந்த இழுப்பு ஸ்ட்ரட் வழியே ஏறி டவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வேறு திசையில் தள்ளுகிறது. இரண்டு டவருக்கும் நடுவே, மேல்மட்டத்தில், அவற்றைக் கட்டிப்போட எதுவும் இல்லை. மூடியில்லாத அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள், இஞ்சின் இருக்கிற அந்த இடம் எப்படி நெளியும் என்பது புரிந்துவிடும். டவர் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் சக்கரத்தின் சாய்வு மாறும். ஓட்டுகிறவரின் கைக்கு அது “ஸ்டீரிங் சொன்னதைக் கேட்க ஒரு நொடி தாமதிக்கிறது” என்று தெரியும். இரண்டு டவரையும் மேலே ஒன்றோடொன்று கட்டி அந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் ஸ்ட்ரட் பாரின் வேலை.

அது செய்யாத வேலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரம் தவறாமல் இந்தக் குழப்பம் வருகிறது. ஸ்ட்ரட் பார் போட்டால் கார் சாய்வது குறையாது. திருப்பத்தில் உடம்பு சாய்வதைப் பிடிப்பது ஆன்டி ரோல் பார். அது கீழே இருக்கும், முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். “பார் போட்டும் கார் சாயுதே அண்ணே” என்று திரும்பி வருகிற தம்பியிடம் அதை விற்றவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்பதை நான் வியாபாரமாக ஏற்றுக்கொள்வதில்லை.

நான் தொழில் கற்றது ஒரு சீனத் தவுக்கேயிடம். வீரா எங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானில் கழித்துவிட்ட கார்களைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து விற்கிற ஹாஃப்கட் கடைகளுக்கு அவருடன் போவேன். புரோட்டோன் வீரா அடிப்படையில் மிட்சுபிஷி லேன்சர் என்பதால், அதே தலைமுறை லேன்சரிலிருந்து கழற்றிய பழைய பார்களை அவர் குவியலில் தேடுவார். மற்றவர்கள் குஸ்கோ என்ற பிராண்டின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தவுக்கே துணியால் முனைத் தகட்டைத் துடைத்துவிட்டு, போல்ட் துளையைச் சுற்றியுள்ள பெயின்ட்டைத்தான் பார்ப்பார். துளையின் ஓரத்தில் பெயின்ட் வட்டமாக, ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் எடுத்துக்கொள்வார். ஒரு பக்கமாக நீண்டு வழித்திருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுவார். அந்தப் பார் பழைய காரில் இறுக்கமாக உட்காரவில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் நகர்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நகர்ந்த பார் எதையும் தாங்கியிருக்காது.

டவர் உண்மையிலேயே அசைகிறது என்று எனக்குக் காட்டியவரும் அவர்தான். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற இரண்டு அலுமினியக் குழாய்களை எடுத்து, ஒன்றின் முனையை இடது டவரிலும் மற்றதன் முனையை வலது டவரிலும் பூட்டினார். உள்குழாயில், வெளிக்குழாயின் வாயை ஒட்டி, ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டினார். கெந்திங் மலைப்பாதையில் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு வந்து போனட்டைத் திறந்தோம். டவர்கள் நெருங்கியபோதெல்லாம் வெளிக்குழாய் வளையத்தைத் தள்ளிவிட்டிருந்தது. அவை பழைய இடத்துக்கு வந்த பிறகு வளையம் மட்டும் தள்ளிய இடத்திலேயே நின்றது. இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில்தான். ஆனால் கண்ணால் பார்க்கிற அளவுக்கு இருந்தது. இந்தச் சோதனைக்குச் செலவு என்று எதுவும் இல்லை. பார் தேவையா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்றும் இதைச் செய்து காட்டுகிறேன். வளையம் அசையவே இல்லை என்றால் காசை டயருக்குப் போடச் சொல்வேன்.

பார் பந்தயத்துக்காகப் பிறந்த சாமான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதிதான் சரி. 1963, 1964 மான்டி கார்லோ ராலிகளில் ஃபோர்டு தன் ஃபால்கன் கார்களை இறக்கியது. டவருக்கு டவர் கட்டுகிற குழாய்க்கு அமெரிக்கர்கள் ‘மான்டி கார்லோ பார்’ என்று பெயர் வைத்தது அதன் பிறகுதான். ஆனால் அதே ஃபோர்டு, கரடுமுரடான சாலைகள் உள்ள நாடுகளுக்கு அனுப்புகிற கார்களில், இரண்டு டவரையும், இஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே இருக்கிற ஃபயர்வாலோடு இணைக்கிற ஒற்றைத் துண்டு அழுத்துத்தகடு ஒன்றைப் பொருத்தியது. ‘எக்ஸ்போர்ட் பிரேஸ்’ என்பார்கள். 1965 ஷெல்பி ஜிடி350-இல் இரண்டும் சேர்ந்தே இருந்தன. மோசமான சாலையில் டவர் விரியாமல், வெடிக்காமல் இருக்கவும் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் தேர்வு எளிதாகும். வேகத்துக்காக மட்டும் வாங்குகிறவர் பார்க்காத இடங்களை நீங்கள் பார்ப்பீர்கள்.

சரி, கையில் ஒரு பார் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

முதலில் அதைத் தட்டையான மேசையில், தகடுகள் கீழே படும்படி வையுங்கள். பெரும்பாலான கார்களில் இரு டவர்களின் மேல்முகமும் உள்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். அதனால் தகடுகளும் சரிந்திருக்கலாம். இரண்டும் ஒரே அளவு சரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை தூக்குகிறதா? அப்படியானால் வெல்டிங் சூட்டில் அது முறுக்கிக்கொண்டிருக்கிறது. காரில் நட்டை இறுக்கும்போது அந்த முறுக்கை உங்கள் மவுண்டிங் போல்ட்டுகள்தான் வாங்கும்.

பிறகு துளைகள். நல்ல தயாரிப்பாளர் ஒரு காருக்கு ஒரு தகடு என்று வெட்டுவார். துளை வட்டமாக, போல்ட்டுக்குச் சரியாக இருக்கும். நாலைந்து கார்களுக்கு ஒரே தகட்டை ஓட்டுகிறவர் துளையை நீளமாக அறுத்துவிடுவார். நீளத் துளையில் பிடிமானம் முழுவதும் நட்டின் இறுக்கத்தை நம்பித்தான். அது ஒரு பள்ளத்தில் நழுவினால் போதும், அன்றோடு அந்தப் பார் வெறும் சுமை. தகட்டின் தடிமனையும் பாருங்கள். மெல்லிய தகட்டை வளைத்து அதன் மேல் தடித்த குழாயை வைத்தால், குழாய் நேராக நிற்கும், தகடு மட்டும் வளைந்து வளைந்து கொடுக்கும்.

குழாயும் தகடும் சேருகிற மூட்டுக்கு வருகிறேன். பணம் கொடுக்கிறவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முனைக்கு ஒரே ஒரு போல்ட் போட்டு இணைத்த பார்கள் உண்டு. அந்த ஒற்றை போல்ட் ஒரு கீல். பார் தள்ளவும் இழுக்கவும் செய்யும், ஆனால் டவர் சுழன்று சாய நினைத்தால் கீல் திரும்பி வழிவிட்டுவிடும். நேராக இழுபடுகிற சுமைக்கு மட்டும் அது போதும். தகடும் குழாயும் ஒன்றாக வெல்டு ஆனது, அல்லது முனைக்கு இரண்டு போல்ட் தள்ளித்தள்ளி இருப்பது, இரண்டு வகைச் சுமையையும் வாங்கும். மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் கம்பெனியின் பார்கள் இங்கே இத்தனை பிரபலமானதற்கு இரும்புக் குழாயை நேராகத் தகட்டில் வெல்டு செய்கிற அவர்களுடைய எளிமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அழகில் ஜப்பான் அலுமினியத்துக்கு ஈடாகாது. வேலையில் குறை சொல்ல முடியாது.

வெல்டிங் குழாயைச் சுற்றி முழு வட்டமாக ஓடியிருக்க வேண்டும். மேலே மட்டும் அழகாகப் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் இரண்டு புள்ளி வைத்துவிட்ட பார்களைப் பார்த்திருக்கிறேன். விரலை அடியில் விட்டுத் தடவினாலே தெரிந்துவிடும்.

இரும்பா அலுமினியமா என்று கேட்பார்கள். ஒரே அளவுக் குழாயாக இருந்தால் இரும்பின் விறைப்பு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. அதனால்தான் நல்ல அலுமினிய பார்கள் பருத்து, முட்டை வடிவத்தில் இருக்கும். குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டத்தை 2 மடங்காக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு சுமார் 8 மடங்கு ஏறும். ஆக, இரும்புக் குழாயின் அதே மெல்லிய அளவில் அலுமினிய பார் ஒன்றைக் கண்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எடையில் மிச்சமாகிற ஓரிரு கிலோவை நம் சாலைகளில் யாரும் உணரப்போவதில்லை.

குழாயின் வடிவத்தில் என் கட்சி எப்போதும் நேர்க்கோடு. இஞ்சினுக்கு மேல் வில்லாக வளைந்து போகிற பாரில், டவர் தள்ளுகிற சுமை அந்த வளைவை மேலும் வளைக்கத்தான் பார்க்கும். நேரான குழாயை அப்படி வளைக்க முடியாது. இஞ்சின் உயரமாக இருக்கிற கார்களில் வளைவு தவிர்க்க முடியாததுதான். அப்போது குறைந்த வளைவும் பருத்த குழாயும் உள்ளதை எடுக்க வேண்டும். சில கார்களுக்கு நேரான பார் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது.

ஃபயர்வால் வரை போய் முக்கோணமாகக் கட்டுகிற பார்களுக்குத் தனி மதிப்பு உண்டு. திருப்பத்தில் இரண்டு டவரும் ஒரே பக்கமாகச் சாயப் பார்க்கும். அவற்றை ஒன்றோடொன்று மட்டும் கட்டினால், சுமை அதிகம் வாங்குகிற வெளிப்பக்க டவருக்கு உள்பக்க டவர் கைகொடுக்கும், அவ்வளவுதான்; இரண்டும் சேர்ந்து நகர்வதைத் தடுக்க மூன்றாவது புள்ளி வேண்டும். ஆனால் அந்தப் புள்ளியின் இரும்பு எப்படி என்று பாருங்கள். ஃபயர்வாலின் நடுப்பகுதி பல கார்களில் மெல்லிய தகடு, விரலால் அழுத்தினால் டப்பென்று உள்வாங்கும். அங்கே துளை போட்டு மாட்டினால் சில மாதத்தில் துளையைச் சுற்றி விரிசல் விழும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். கண்ணாடிக்குக் கீழே தகடுகள் இரட்டையாக மடிந்து சேருகிற விளிம்பில் மாட்டும்படி செய்த பார் என்றால் மட்டும் நான் முக்கோணத்துக்குச் சம்மதிப்பேன்.

எந்தப் பாராக இருந்தாலும் காரைப் பார்க்காமல் நான் பெட்டியைப் பிரிப்பதில்லை. மைவியில் வந்த ஒரு தம்பி, திருப்பத்தில் முன்பக்கம் மிதக்கிறது, பார் போடுங்கள் என்றார். அவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, நான் வெளியே நின்று மவுண்டிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். நல்ல மவுண்டிங்கில் ஸ்ட்ரட் வழுவழுவென்று சுழல்வது மட்டும் கைக்குத் தெரியும். இவருடையதில் ஒவ்வொரு திருப்பலுக்கும் நடு நட் ஒரு துள்ளல் துள்ளி, “டக்” என்று உட்கார்ந்தது. ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தது. கீழே படுத்து இரும்புக் கடப்பாறையால் லோவர் ஆர்மை நெம்பிப் பார்த்தால் அதன் பின்பக்க ரப்பர் புஷ்ஷும் கிழிந்து கிடந்தது. மவுண்டிங் இரண்டும் புஷ் இரண்டும் மாற்றி, அலைன்மென்ட் பிடித்து அனுப்பினேன். பார் வாங்கவில்லை. “இப்ப நல்லா இருக்கு அண்ணே, பார் அப்புறம் பார்க்கலாம்” என்று போனவர், அவருடைய கூட்டாளிகள் எத்தனையோ பேரை அனுப்பினார்.

பழைய சாகா, வீராக்களில் இன்னொன்று பார்க்க வேண்டும். டவரின் அடிப்பகுதியில் தகடுகள் சேருகிற இடத்தில் பூசிய சீலர், முடி அளவுக்கு வெடித்து, அந்த வெடிப்பிலிருந்து பழுப்புக் கோடு வழிந்திருக்கும். டார்ச் அடித்தால்தான் தெரியும். ஸ்குருடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல இடத்தில் கணீர் என்றும், துருப்பிடித்த இடத்தில் சத்தமே செத்தும் கேட்கும். அந்தக் காருக்கு பார் கிடையாது. முதலில் வெல்டர். துருப்பிடித்த டவரைப் பாரால் கட்டிவிட்டால் மேலே அசைவு தெரியாது, கீழே மடிப்பு கிழிந்துகொண்டே போகும். ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கையும் கிடைக்காது.

இடித்துச் சரிசெய்த கார்களும் இதில் மாட்டிக்கொள்ளும். பார் துளையில் உட்காரவில்லை என்றால் பாரைக் குற்றம் சொல்லாமல் அளவு நாடாவை எடுக்க வேண்டும். டவருக்கு டவர், பிறகு ஒவ்வொரு டவரிலிருந்தும் எதிர்ப்பக்கத்து முன்மூலைக்குக் குறுக்காக. குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாக வராவிட்டால் சேசிஸ் இழுத்துச் சரிசெய்யப்படவில்லை. துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கியும், பட்டை கட்டி டவரை இழுத்தும் மாட்டித் தருகிற இடங்கள் இருக்கின்றன. என் பட்டறையில் அதற்கு இடமில்லை.

நடுவில் திருகி நீளத்தை மாற்றக்கூடிய பார்களில் எவ்வளவு முறுக்குவது என்று கேட்பார்கள். கார் நான்கு சக்கரத்தில், சமதரையில், சொந்த எடையில் நிற்கட்டும். தளர்ச்சி போகும் வரை கையால் திருகி, பூட்டு நட்டை இறுக்கிவிட வேண்டும். ஸ்பேனர் போட்டு டவரைத் தள்ளி வைப்பதால் ஒரு லாபமும் இல்லை. மவுண்டிங் ரப்பர் ஒரு பக்கமாக நசுங்கும்.

ஹோண்டா சிவிக் ஈஜி, ஈகே வைத்திருக்கிறவர்கள் என்மேல் கோபப்பட்டதுண்டு. அந்தக் கார்களின் முன்பக்கம் டபுள் விஷ்போன். சக்கரத்தின் சாய்வை மேல் ஆர்ம் பிடித்துக்கொள்கிறது, அப்சோர்பரின் தலைக்கு அந்தப் பொறுப்பு இல்லை. பார் போட்டால் உடம்பு கொஞ்சம் இறுகும், ஆனால் மெக்பர்சன் காரில் கிடைக்கிற வித்தியாசத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். 2001 மாடலிலிருந்து வந்த சிவிக்கில் ஹோண்டாவே ஸ்ட்ரட்டுக்கு மாறிவிட்டதால் அங்கே கதை வேறு.

விபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் கல்லிலோ மதகிலோ பலமாக மோதினால், பார் அந்த அடியில் ஒரு பங்கை எதிர்ப்பக்க டவருக்குக் கொண்டுபோகும். ஒரு பக்கம் மட்டும் செய்ய வேண்டிய வேலை இரண்டு பக்கமாகலாம். கட்டாயம் சொல்லிவிட்டுத்தான் விற்பேன்.

பொருத்துகிற வேலை அரைமணி நேரம்கூட இல்லை. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் அதில் இருக்கிறது. டவரைச் சுற்றியுள்ள நட்டுகளை மட்டும்தான் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கிற பெரிய நட், அழுத்திச் சுருட்டிய ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; பார் போட அதைத் தொடவே தேவையில்லாத கார்களில் அதன்மேல் ஸ்பேனர் படக் கூடாது. சில கார்களில் சுற்று நட்டே கிடையாது, நடு நட் மட்டும்தான். அவற்றை வீட்டில் வைத்துச் செய்ய வேண்டாம், பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். ஜாக்கி போடாமல், சக்கரம் தரையில் இருக்கும்போதே கழற்றுங்கள். ஜாக்கியில் தொங்கினால் ஸ்ட்ரட்டின் தலை கீழே இறங்கி, போல்ட் துளையை விட்டுப் போய்விடும்.

தகடு உட்காருகிற இடத்தில் பெயின்ட் கட்டி, சீலர், மண் எதுவும் இருக்கக் கூடாது. தகட்டின் தடிமன் போல்ட்டின் மரையைத் தின்றுவிடும் என்பதையும் கவனியுங்கள். நட் முழுக்க ஏறி, அதற்கு மேலும் இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பார் அந்தக் காருக்கு இல்லை. பழைய லாக் நட்டை மறுபடி போடாமல் புதிதாகப் போடுங்கள். இறுக்கம் காருக்குக் கார் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சை வைத்து, மூன்றையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

போனட்டை மூடுவதற்கு முன் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணில் சின்ன உருண்டைகள் பிடித்து, பாரின் மேலும், பாருக்குக் கீழே இஞ்சின் கவர் மேலும் ஒட்டுகிறேன். மெதுவாக மூடித் திறந்தால் மேல் உருண்டை எவ்வளவு நசுங்கியது என்று தெரியும். பிறகு பிரேக்கை மிதித்து, கியரில் போட்டு, இஞ்சினை ஒரு உறுமு உறுமவிட்டால் கீழ் உருண்டை சொல்லும். இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் நிற்கிறது, அது எழும்பும். நிற்கிறபோது ஒரு விரல் இடைவெளி தெரிவதை நம்பக் கூடாது. பழைய இஞ்சின் மவுண்டிங் என்றால் அந்த ஒரு விரலையும் அது தாண்டி வந்து பாரைத் தட்டும். கூடவே எண்ணெய் மூடி, பிரேக் எண்ணெய்க் குப்பி, ஏர் பில்டர் மூன்றும் பாரைக் கழற்றாமல் கைக்கு வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் ஒவ்வொரு சர்வீசிலும் யாரோ ஒருவர் அவசரத்தில் கழற்றி, அவசரத்தில் மாட்டுவார். தளர்ந்த நட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். தகட்டுக்கு அடியில் இருக்கிற பெயின்ட் நசுங்கி உட்கார்ந்திருக்கும், நட் கொஞ்சம் விட்டிருக்கும். மறுபடி அதே அளவுக்கு இறுக்கி, நட்டிலிருந்து தகட்டின் மேல் வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு அனுப்புவேன். அடுத்த முறை போனட்டைத் திறக்கிறவர் ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை, கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.